ராணிக்குப் பின்னால் மூன்றாவது ஆள்

அக்சும் ஊரில் சுவா என்கிற தானியக் கள் காய்ச்சி விற்கிற பெண்களுக்குப் பஞ்சமே இல்லை. வாசலில் கம்பு நட்டு அதன் உச்சியில் ஒரு குவளையைக் கவிழ்த்து வைத்தால் கடை திறந்தாயிற்று. ஆனாலும் நாலு தெரு தள்ளி இருக்கிறவன்கூட அல்கனெஷ் வீட்டுக்குத்தான் வருவான். கேழ்வரகைப் புளிக்க வைப்பதில் அவள் கை அப்படி. வாய் அதற்கும் மேல்.

ஏழு வயதில் அம்மை வந்து அவளுடைய இடது கண்ணைப் பறித்துக்கொண்டு போனது. முழி வெள்ளையாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு கண் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், கோயில் சுவர்களைத்தான் தாங்க முடியாது. நல்லவர்களை நேர்முகமாக, இரண்டு கண்ணும் தெரிய வரைவது எங்கள் ஓவியர் வழக்கம். யூதாசும் பேய்களும் பக்கவாட்டில், ஒற்றைக் கண்ணோடு நிற்பார்கள். இது நேற்றுப் பேசக் கற்ற பிள்ளைக்கும் தெரியும். அதனால் அவளுக்குத் தெருவில் பெயர் 'யூதாஸ் பொண்டாட்டி'. அவளும் சும்மா விடவில்லை, கல்லெடுத்து எறிந்தாள். ஒற்றைக் கண்தான், குறி தப்பாது.

உப்பு ஏற்றும் ஒட்டகக்காரன் ஹகோஸ் அவளைக் கட்டிக்கொண்டான். "என் அழகுக்கு ஒரு கண்ணே ஜாஸ்தி"ன்னு சொல்லிச் சிரிப்பானாம். பதினோரு வருடம் கழித்துப் பாலைவனக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அல்கனெஷ் அழுது தீர்த்துவிட்டு, "பதினோரு வருஷம் குடுத்தியே, சாமி" என்று கும்பிட்டாள். அவள் புத்தி அப்படி. கிடைத்ததைத்தான் பார்ப்பாள்.

போன மழை முடிந்ததும், எங்கள் சின்னக் கோயில் சுவரில் ராணி மகெதா சாலமோன் அரசரைப் பார்க்க ஜெருசலேம் போன பயணத்தை வரைய அடிஸ் அபாபாவிலிருந்து ஹப்தோம் வந்தான். பெரிய பள்ளியில் ஓவியம் படித்தவன். சமைக்கத்தான் படிக்கவில்லை. இரண்டாம் வாரமே காய்ச்சலில் விழுந்தான். அல்கனெஷ் கஞ்சி ஊற்றினாள். தேறிய பிறகும் நோன்பு நாளில் கடலைமாவுக் குழம்பு, மற்ற நாளில் கோழி என்று அவனுக்குச் சாப்பாடு போய்க்கொண்டே இருந்தது.

"உங்களையும் ராணி கூட அனுப்பி வைக்கிறேன், அக்கா. மூணாவது ஆளா நடந்து போறீங்க" என்றான் ஒரு நாள்.

அந்த வாரம் அவள் காய்ச்சிய சுவா இரண்டு தடவை கெட்டுப்போனது. கோயில் சுவரில், நல்லவர்கள் வரிசையில் தன் முகம்! வேறெதுவும் அவள் கேட்டதில்லை, இதையும் கேட்கவில்லை. ஆனால் கிடைக்கப்போகிறது என்று தெரிந்தபின் அது இல்லாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

மாதா திருநாளுக்கு மூன்று நாள் முன்பு, ஹப்தோம் அவளையும் பக்கத்து வீட்டு ஸாஃபுவையும் அழைத்துப் போய்த் திரையை விலக்கினான். ஒட்டகங்கள், சாம்பிராணி மூட்டைகள், கோவேறு கழுதைமேல் ராணி. பின்னால் மூன்றாவதாகக் குடம் சுமந்து அல்கனெஷ். பக்கவாட்டில்.

"பாருங்கக்கா, அந்தக் கண்ணு தெரியவே தெரியாது!" என்றான் பெருமையாக.

ஸாஃபு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! சோறு போட்டவளக் கொண்டுபோயி யூதாஸ் கூட நிறுத்திட்டியேடா! இதத்தான் படிச்சுக் கிழிச்சியா?"

ஹப்தோமின் முகம் வெளுத்தது. "அழகா இருக்கணும்னுதான்... வழக்கத்த யோசிக்கவே இல்ல."

அல்கனெஷ் தன் படத்துக்கு அருகே போனாள். "நீ நல்லது நெனச்சுத்தான் செஞ்சேன்னு தெரியும், தம்பி. ஆனா இத்தன நாளா தெருப்புள்ளைங்க சொன்னத இனிமே சுவரும் சொல்லும். நான் செத்த பிறகும் சொல்லும்."

"முகத்தத் திருப்பிடறேங்க்கா. இன்னைக்கே. ரெண்டு கண்ணும் நல்லாப் போட்டுடறேன்."

"அப்படி வா வழிக்கு" என்றாள் ஸாஃபு.

அல்கனெஷின் பார்வை ராணியின் பாவாடைக்குக் கீழே நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் கதைப்படி, பாம்பரக்கனைக் கொன்றபோது அதன் ரத்தம் சொட்டி மகெதாவின் பாதம் கழுதைக் குளம்பாகிவிட்டது. சாலமோன் அரண்மனை வாசற்படியை மிதித்த பிறகுதான் பழையபடி ஆனது. ஹப்தோம் அந்தக் குளம்பை மட்டும் மறக்காமல் வரைந்திருந்தான்.

"ராணிக்கு இன்னும் கால் சரியாகலியா?" என்றாள்.

"எப்படிக்கா ஆகும்? இன்னும் போய்ச் சேரலியே."

"அவளுக்கே ஆகல. எனக்கு மட்டும் நடுவழியில கண்ணு வந்துடுமா? முகத்தத் திருப்பு. கண்ண இருக்கிறபடியே வை."

அவன் அப்படியே செய்தான். திருநாளன்று பெண்கள் வெறுங்காலோடு வரிசையாக வந்து சுவரை முத்தமிட்டார்கள். மூன்றாவது ஆள் எல்லோரையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கண் கறுப்பு, ஒரு கண் வெள்ளை. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஸாஃபு அந்தக் குடத்தைக் காட்டி, "உள்ள சுவாதான், சந்தேகமே வேண்டாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அல்கனெஷ் வந்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர். ராணியின் குளம்பில் நெற்றியை வைத்தாள்.

"என்னையும் சேத்துக்கிட்டியே, தாயே. மெதுவாவே போ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."