இடது தோளில் வலை ஏறும் இடம்

வீச்சுவலை எறிகிறவனின் இடது தோளைப் பார்த்தாலே அவன் எத்தனை வருடம் வாவியில் நின்றவன் என்று சொல்லிவிடலாம். நனைந்த வலையில் ஒரு பங்கை அந்தத் தோளில் போட்டுக்கொண்டு, மீதியை வலது கையில் பிடித்துத்தான் நாங்கள் எறிவோம். வருடக்கணக்கில் பாரம் ஏறி அந்த இடம் காய்த்துப்போகும். தன்னாமுனைக் கரையில் என் தோளைப்போலக் காய்த்த தோள் இன்னொன்று இருக்கவில்லை. தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

அதனால் ஐம்பத்திரண்டு வயதில், அந்த இடத்துக்குக் கீழே மேற்கையில் ஒரு கட்டி தடித்தபோது எனக்குப் பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது. பாக்கு அளவு இருந்தது. நோவில்லை. கரையில் நின்றவர்களுக்குச் சட்டையைக் கழற்றிக் காட்டினேன். "வல ஏறி ஏறி இறுகின சதை மச்சான்" என்றார்கள். நானும் ஓம் என்று தலையாட்டினேன். அந்த முட்டாள் கூட்டத்தில் முதல் முட்டாள் நான்தான். ஆறு மாதத்தில் அது ஒரு தேசிக்காயின் அளவையும் தாண்டி வளர்ந்துவிட்டது.

மனைவி மட்டும் நம்பவில்லை. "நோகாத கட்டிய நம்பாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று நச்சரித்தாள். அவள் வாயை அடைக்க, எண்ணெய் தேய்த்துக் கரைத்துவிடலாம் என்று ஒடிவுமுறிவு பார்க்கும் பரியாரியிடம் போனேன். அவர் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எண்ணெய்ப் போத்தலை மூடினார்.

"இது தடவுற கட்டி இல்ல. ஆழத்தில இரிக்கு, அசையுதுமில்ல. நாளைக்கே டவுனுக்குப் போ."

அன்றைக்கு அவர்மீது எனக்குச் சரியான கோபம். இப்போது அவர் வீட்டைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கித்தான் போகிறேன்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ஊசி விட்டுக் கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். தசையில் வருகிற புற்றுநோய் என்று டொக்டர் அம்மா சொன்னார்.

"வலையாலதானே வந்தது?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. வலை எறியாத ஆக்களுக்கும் வரும். ஏன் வருது எண்டு கனபேருக்குச் சொல்ல ஏலாது."

நோயைக் கேட்டதைவிட எனக்கு அதுதான் அவமானமாக இருந்தது, பாருங்கள்.

சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கட்டி பெரிய நரம்பையும் இரத்தக்குழாயையும் சுற்றியிருந்தால் கையையே எடுக்க நேரலாம், அதற்கும் சம்மதித்து முதலே கையொப்பம் வைக்க வேண்டும் என்றார்கள். நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். ஒற்றைக் கையால் வீச்சுவலை எறிய முடியாது. வலை எறியாத நான் யார்? "கை போறதெண்டா நான் ஊருக்கு வரமாட்டன்" என்றேன். என் மனைவி வாய்க்காரி. அன்று அவள் கத்தவில்லை.

"நான் கலியாணம் முடிச்சது வலையையா, ஒங்களையா?" என்று மட்டும் கேட்டாள்.

கையொப்பம் வைத்தேன்.

மயக்கம் தெளிந்ததும் வலது கையைப் போர்வைக்குள் விட்டுத் தேடினேன். இடது கை இருந்தது. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தும் விம்மி விம்மி அழுதேன்.

கட்டியோடு சுற்றியிருந்த நல்ல சதையிலும் ஒரு பங்கை வெட்டி எடுத்திருந்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்ச்சிகிச்சை. கறண்ட் பிடிப்பது என்போம். பார்க்க வந்த ஒருவன், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுது" என்றான். "தலைப்பாகையா? இஞ்ச வந்து தோளைப் பார்" என்று ஏசிவிட்டேன். அந்தக் கை நெஞ்சுக்கு மேலே உயரவில்லை. நனைந்த வலையை அந்தத் தோள் தாங்கவில்லை.

சரி, மாற்றி எறிவோம் என்று முடிவெடுத்தேன். பாரம் குறைந்த சின்ன வலை ஒன்று பின்னினேன். அதை வலது தோளில் போட்டு, இடது கையை இடுப்பளவில் வைத்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி எறிந்து பார்த்தேன். வெறும் மணலில்தான் பழகினேன். முப்பது வருடம் எறிந்தவனின் வலை முறுக்கிக்கொண்டு விழுந்தது. "என்ன மச்சான், சாறம் காயப்போடுறியா?" என்று கரையில் சிரித்தார்கள். நன்றாகச் சிரியுங்கள் என்று விட்டுவிட்டேன். இந்த நோய் திரும்பினால் நெஞ்சுக்குள் பரவுமாம், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுக்கப் போனேன். இதுவரை சுத்தம் என்கிறார்கள். மற்ற நாட்களில் மணலில் எறிந்தேன். எட்டு மாதம் போனது.

ஒருநாள் விடியக்காலை வெள்ளென மனைவியைத் தோணியில் ஏற்றினேன். எதற்கென்று சொல்லவில்லை. ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்தி, எழுந்து நின்று எறிந்தேன். வலை விரிந்து முழு வட்டமாகத் தண்ணீரில் விழுந்தது. மெல்ல இழுத்தேன். பாசியைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை.

"ஒரு மீனுமில்லியே" என்றாள்.

"மீனப் பாக்கவா ஒன்னக் கூட்டி வந்தன்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா எறிங்க" என்றாள்.