ஹாரன் கழற்றிய வண்டி

இன்று காலை எங்கள் தெருவில் குப்பை வண்டி பின்னோக்கி வந்தது. அதன் 'பீப் பீப்' கேட்டதுமே பால் பாக்கெட்டோடு சுவரில் பல்லியாக ஒட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சத்தமில்லாமல் பின்னால் வரும் வண்டியை அவர்கள் பார்த்ததில்லை.

துறைமுகச் சாலைக் கிட்டங்கியில் எழுத்தராகச் சேர்ந்த புதிது. ஏற்றுமதிக்கு வந்த நிலாவாரை மருந்திலைப் பொதிகளின் வாசம் சட்டையில் ஏறி, வீட்டுச் சோற்றிலும் மணக்கும். அப்போதுதான் எங்கள் மேலாளர் 'கைசன்' என்ற ஜப்பானிய முறையைக் கொண்டுவந்தார். வேலையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போவதாம். தவறு நடந்தால் ஆளைத் திட்டாமல், 'ஏன், ஏன்' என்று கேட்டு வேரைப் பிடிக்க வேண்டுமாம். எனக்கு ஒரு 'ஏன்' கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் பொதி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வந்து, சுமை இறக்கும் இசக்கியைப் பொதிகளோடு வைத்து நெரித்தது.

"ஏலே, நிப்பாட்டுலே!"

கத்திக்கொண்டே ஓடினோம். இசக்கிக்குப் பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைப்பானா என்று தெரியாமலே மறுநாள் கூட்டத்தில் உட்கார்ந்தோம்.

வண்டி ஓட்டிய ஆலந்தலைச் சகாயம் என் கையைப் பிடித்திருந்தான். "ஏலே, என்னைய உள்ள போட்டுருவாங்களா?"  

மேலாளர் ஆரம்பித்தார். "ஏன் இடிச்சுது?"

"இசக்கி விலகல சார்" என்றான் சகாயம்.

"ஏன்?"

"வண்டி வாரது அவனுக்குக் கேக்கல."

"ஏன்?"

"ரிவர்ஸ் ஹாரன் அடிக்கல."

"ஏன் அடிக்கல?"

"வயரைக் கழட்டியாச்சு சார்."

அடுத்த 'ஏன்' யாரிடம் போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தத்தில் போன் பேச முடியவில்லையென்று கழற்றச் சொன்னதே மேலாளர்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் சகாயம் போவான். 

அவர் அந்த 'ஏன்' கேட்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றார். எங்களைவிட அவர் குரல்தான் அதிகம் நடுங்கியது. பிறகு காவல் நிலையத்திலும் போய் அதையே சொன்னார்.

ஹாரனை அன்றே மாட்டினார்கள். இசக்கி பிழைத்தான்; இடுப்புதான் பழையபடி வளையவில்லை. விளாத்திகுளத்தில் டீக்கடை போட்டுவிட்டான். சகாயம் வண்டியைத் தொடவேயில்லை, மீன்பிடிக்கக் கடலுக்கே திரும்பிவிட்டான். மேலாளரின் நாற்காலிக்குச் சீக்கிரமே வேறு ஆள் வந்தார்.

கிட்டங்கியை இடித்து இப்போது லாரி நிறுத்துகிறார்கள். நான் வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். அங்கும் சுவரில் கைசன் படம் தொங்குகிறது. ஏதாவது தவறு நடந்தால், "அன்னைக்கு டூட்டியில யாரு?" என்று கேட்கிறார்கள். பெயர் கிடைத்ததும் கூட்டம் முடிந்துவிடுகிறது.