ஓர்கான் அடித்த நாளில் டுசல்டோர்ஃபுக்குப் புறப்பட்டது

அகதி விடுதியின் ஜன்னல் இடுக்கால் நுழைந்த காற்று இரண்டு நாளாக விசிலடித்துக்கொண்டே இருந்தது. பழைய துணியை அடைத்தால் சத்தம் கொஞ்சம் தாழும்... பிறகு வேறொரு இடுக்கால் தொடங்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில் என்னை மலைக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் போட்டிருந்தார்கள். எனக்கு முன்பே வந்துவிட்ட என் கணவர் டுசல்டோர்ஃபில். அனுமதியில்லாமல் அவரவர் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

அன்று காலை விடுதி ஃபோனில் அவருடைய அறை நண்பர்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. அண்ணைக்கு வயித்தில ஒப்பரேசன் செய்திருக்கு..."

அவ்வளவுதான். லைன் அறுந்துவிட்டது.

அனுமதி கேட்க அலுவலகத்துக்குப் போனால், வந்து சந்திக்க அடுத்த கிழமைக்குத்தான் டெர்மின் தந்தார்கள். குளிர்க் கோட்டு எடுக்க விடுதிக்கு ஓடிவந்தபோது, என் அறையில் கூட இருந்த மங்கை அக்கா மறித்தார்.

"ஓர்கான் வருதாம். டீவியில காட்டினவங்கள். இண்டைக்குப் போகாதை."

"காத்துத்தானே அக்கா. ஊரில நாங்கள் பாக்காத புயலே?"

"பொலிஸ் பிடிச்சால்?"

"பிடிக்கட்டும்."

அந்த வானிலைப் படத்தை நானும் டீவியில் பார்த்திருந்தேன். இங்கிலாந்திலிருந்து போலந்து வரைக்கும் ஒரே சுழி. அதன் பின்னால் அத்திலாந்திக்கில் அடுத்தது காத்து நின்றது. அந்த அளவு எனக்கு உறைக்கவில்லை. ஊரில் புயல் என்றால் கறுத்த வானம், பேய்மழை, ஓர் இரவு அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். இங்கே நான் ரயிலில் ஏறும்போது வெயில் எறித்தது. சற்று நேரத்தில் ஆலங்கட்டி. மறுபடி வெயில். காற்று மட்டும் விடவேயில்லை.

நடுக்காட்டில் ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்தின் மேல் ஊசியிலை மரங்கள் சரிந்து கிடந்தன. பெட்டி ஆடியது. இன்னும் கொஞ்சத்தில் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன்... எழும்பினேன், இருந்தேன், மறுபடி எழும்பினேன். மத்தியானம் தாண்டியும் ஓயவில்லை.

தீயணைப்புக்காரர் வந்து எங்களைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளி மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பொலிஸ்காரர், எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

கணவருக்கு மான், ஆஸ்பத்திரிக்கு கிராங்கன்ஹவுஸ். அவ்வளவு ஜெர்மன்தான் என்னிடம் இருந்தது.

"டுசல்டோர்ஃப். மான். கிராங்கன்ஹவுஸ்."

அடையாள அட்டையைக் கேட்டார். அதில் என் மாவட்டத்தின் பெயர் இருந்தது. வாசித்தார். என்னைப் பார்த்தார். கணவரின் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அட்டையோடு ஃபோன் இருந்த அறைக்குள் போய்விட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். வெளியே ஓடிவிட எண்ணிக் கதவைத் தள்ளினேன். அந்தப் பக்கம் காற்று தள்ளிக்கொண்டு நின்றது. கதவு அசையவில்லை.

அவர் வெகுநேரம் கழித்து வந்தார்.

"மான் குட்," என்றார். வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "அப்பென்டிக்ஸ். குட்." பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தூங்குகிறார் என்று காட்டினார்.

டுசல்டோர்ஃப் ஆஸ்பத்திரிகளுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் எடுத்துக் கேட்டிருக்கிறார். அத்தனை பேருக்கு முன்னால் அழுதுவிட்டேன்.

மறுநாள் பாதை திறந்ததும் அதே மனிதர் என்னைத் தன் காரில் ஏற்றினார். டுசல்டோர்ஃபுக்கு அல்ல. திரும்ப என் விடுதி வாசலுக்கு. வழி நெடுகக் காடு காடாகச் சரிந்து கிடந்தது. நன்றி சொல்வதா, கோபிப்பதா என்று தெரியாமல் இறங்கினேன். கணவரைப் பார்க்க அதற்குப் பிறகும் ஒரு மாதம் பிடித்தது.

இப்போது இருவரும் டுசல்டோர்ஃபில்தான். எங்கே போகவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. புயலுக்குப் பெயர் வைத்து, முதல்நாளே கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்புகிறார்கள். காற்று தொடங்கமுன்பே ரயிலை நிறுத்திவிடுகிறார்கள்.

போன கிழமையும் அப்படியொரு காற்று. வீட்டில் பால் முடிந்திருந்தது. நான் வெளியே போகமாட்டேன் என்றுவிட்டேன். அவர் சிரித்தார்.

"அண்டைக்கு ஓர்கானுக்குள்ளை வெளிக்கிட்டனீ. இண்டைக்கு மூலைக் கடைக்குப் போகப் பயப்பிடுறாய்."

"அண்டைக்கு நீங்கள் அங்கை கிடந்தியள்," என்றேன். "இண்டைக்கு இஞ்சைதானே இருக்கிறியள்."