கடைசி நாலு வரி

முத்திருளன் வம்சத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவன்தான். அதையும் தலைகீழாகத்தான் படித்தான். திருவாதவூரில் மூன்று வருசம் மழை பொய்த்தபோது அவன் அப்பா அவனை மதுரைக்குக் கூட்டிவந்து ஓர் அச்சாபீஸில் சேர்த்துவிட்டுப் போனார். ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரிவரியாக அடுக்குகிற கம்பாசிட்டர் வேலை. தலைகீழ் எழுத்தைப் பார்த்தே தமிழ் கற்றவனுக்கு, நேராக ஒட்டியிருக்கிற கூத்து நோட்டீஸை வாசிக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கல்யாணப் பத்திரிகை என்றால் பூ வைத்த ஓரம், கருமாதிக் கடிதாசி என்றால் கறுப்புக் கட்டம். இரண்டையும் ஒரே முகத்தோடு அடுக்குவான். சொந்தமாக ஒரு வரி எழுதியது கிடையாது, எழுத வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது.

அந்த அச்சாபீஸிலிருந்து மாதப் பத்திரிகை ஒன்றும் வந்துகொண்டிருந்தது. எண்ணூறு பிரதி. ஆசிரியர், முதலாளி, தபால்தலை ஒட்டுகிறவர் எல்லாமே ராமமூர்த்தி சார்தான். அதற்கு ரங்கூனிலிருந்து பன்னிரண்டு வருசமாகக் கதை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவள் அலர்மேல்மங்கை. மதுரை மகால் பக்கத்துச் சௌராஷ்டிர வீட்டுப் பெண். சுங்குடிச் சேலை வியாபாரி ஹரிராமுக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறியவள். ரங்கூனில் உட்கார்ந்து எழுதுகிறவள் மதுரையை நினைத்து உருகுவாள் என்றுதானே நினைப்போம்? அதெல்லாம் இல்லை. அவள் கதையில் வருகிற பெண்கள் ரங்கூன் மாடிப்படியில் நின்றுகொண்டு குழாய்த் தண்ணீருக்குச் சண்டை போடுவார்கள். முத்திருளனுக்கு அந்தச் சண்டைகளை அடுக்குவதென்றால் கொள்ளை ஆசை.

அவளை அவன் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் கையெழுத்துதான். உடம்புக்கு முடியாமல் எழுதினால் வரி கீழே சாயும். கோபத்தில் எழுதினால் பேனா தாளைப் பிறாண்டியிருக்கும். ஒரு கதையில், பாதியில் செத்துப்போன பெரியம்மா கடைசிப் பக்கத்தில் வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். முத்திருளன் பேசாமல் காப்பியை அத்தை கையில் கொடுத்து அடுக்கிவிட்டான். அடுத்த கதையின் தலையில் அவள் எழுதியிருந்தாள்: "அச்சுக் கோக்கிறவருக்கு. என் மானத்தைக் காப்பாற்றினீர்கள். யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது." அந்தத் துண்டை மட்டும் கத்தரித்துத் தன் எழுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவன் பெயருக்கு என்று வந்த கடிதம் அது ஒன்றுதான். அதிலும் அவன் பெயர் இல்லை.

1941 ஐப்பசியில் தங்கை கல்யாணத்துக்கு ஹரிராம் மதுரை வந்தார். கடையைப் பார்த்துக்கொள்ள அலர்மேல்மங்கை அங்கேயே தங்கினாள். மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. ஹரிராமுக்குத் திரும்பிப் போகக் கப்பல் கிடைக்கவில்லை, அவளிடமிருந்து கடிதாசியும் வரவில்லை. ஜனங்கள் காட்டுவழியாக, மலைவழியாக நடந்தே வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களிடம் எல்லாம் ஹரிராமும் விசாரித்தார், அவள் அம்மா ரங்கநாயகியும் விசாரித்தாள். அவள் மட்டும் வரவில்லை.

மறு வருசம் புரட்டாசியில் ராமமூர்த்தி சார் முத்திருளனைக் கூப்பிட்டார்.

"அடுத்த இதழ் அந்தம்மாவோட நினைவு இதழ். வாழ்க்கை வரலாறு ஒன்னு போடணும். அவங்க எழுத்தை ஒன்னு விடாமப் படிச்சவன் நீதான். போய் விவரம் கேட்டுட்டு வா."

"நினைவு இதழா? அவங்க தவறிட்டாங்கன்னு யாரு சார் சொன்னது?"

"பத்து மாசமாச்சு, முத்திருளா. நீயே யோசி."

மகால் பக்கத்துச் சந்தில் ரங்கநாயகி அம்மாள் அவனை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளைப் பற்றி அச்சில் போடப் போகிறார்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா எழுது தம்பி. இது ஊரூராப் போகும்ல? எங்கேயாச்சும் ஒரு ஆஸ்பத்திரியில, ஒரு சத்திரத்துல அவளைப் பாக்குறவங்க இதைப் படிச்சிருந்தா, அட, இந்தப் பொண்ணுதான்னு சொல்லுவாங்கல்ல? இடது புருவத்துல ஒரு தழும்பு. அம்மிக்கல்லுல விழுந்தது. அதைக் கட்டாயம் எழுது."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. காணாமல் போனவளைத் தேடுகிற நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "உயரம் என் காது வரைக்கும் வருவா" என்று அவள் எழுந்து நின்று காட்டினாள். அதற்கு மேல் எங்கே சொல்வது? "எழுதிக்கிறேம்மா" என்றான்.

அடுத்து, அவள் சொல்லி வில்லாபுரத்துக்குப் போனான். அங்கே சோணை என்று ஒருத்தன், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், நடந்து வந்த கூட்டத்தில் அவளோடு வந்தவன்.

"மலைப்பாதையில அவங்களுக்குக் காய்ச்சல் கண்டிருச்சு, அண்ணே. ஒரு பெரிய மரத்தடியில உக்காந்துட்டாங்க. நீங்க போங்க, பின்னாடியே வாரேன்னாங்க. நாங்க வந்துட்டோம்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். திரும்பிப் பாத்தேன். உக்காந்துதான் இருந்தாங்க." சொல்லிவிட்டுச் சோணை துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்று அவனை யாரும் கேட்கவில்லை. அவனே தினமும் கேட்டுக்கொண்டிருந்தான் போல.

கோரிப்பாளையத்தில் இருந்த தன் ஒற்றை அறையில் பத்து நாள் உட்கார்ந்து முத்திருளன் எழுதினான். குழாயடிச் சண்டை, சாய்ந்த வரிகள், புருவத்துத் தழும்பு எல்லாம் வந்தது. "மரத்தடியில் உட்கார்ந்தார்" என்று முடித்திருந்தான். ராமமூர்த்தி சார் அங்கங்கே திருத்தி, தலைப்புக்குக் கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அதில் முத்திருளனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கம்பாசிட்டர் பெயரை எவன் போடுவான்? பக்கமெல்லாம் அடுக்கி முடித்த அன்று, திண்டுக்கல் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டே சார் எட்டிப் பார்த்தார்.

"உக்காந்தார்னா ஒரு வாழ்க்கை முடியும்? கீழே நாலு வரி இடம் வேற சும்மா கிடக்கு. யுத்தத்துல காகிதத்துக்குத் திண்டாடுற நேரத்துல வெத்து இடம் விடுவாங்களா? ஏதாச்சும் போட்டு முடிச்சுடு."

"என்ன சார் போட?"

"பன்னெண்டு வருசம் அவங்க எழுத்தை அடுக்கியிருக்கே. உனக்குத் தெரியாதா?" ஜட்கா வண்டி கிளம்பிவிட்டது.

முத்திருளன் பெட்டி முன்னால் நின்றான். எதிரே கையெழுத்துத் தாள் இல்லாமல் அவன் கை எழுத்தை எடுத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. "கானகத்துப் பெருமரம் குடைபிடிக்க, எழுதிக் களைத்த வலக்கை மடியில் சாய, இதழோரம் ஒரு புன்னகை மலர, அலர்மேல்மங்கையின் ஆவி அமைதியாகப் பிரிந்தது." அளந்து வைத்ததுபோல நாலு வரி. தலைகீழாக இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவனுக்குச் சந்தோசமாக இருந்தது. நமக்கும் வருகிறதே என்று நினைத்தான். இட்லி வாங்கித் தின்றுவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தான்.

இதழ் வந்ததும் ஒரு பிரதியை அவனே மகால் பக்கத்துச் சந்துக்குக் கொண்டுபோனான். ரங்கநாயகி அம்மாள் வாசிக்கச் சொன்னாள். வாசித்தான். "உட்கார்ந்தார்" என்ற இடத்தில் நிறுத்தி, பத்திரிகையை மூடினான்.

"உக்காந்திருக்காள்ல? எந்திரிச்சு வந்துருவா" என்று சொல்லிவிட்டு அவள் பத்திரிகையைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் நாலு வரியையும் படித்தார்கள். ஹரிராமுக்கு வேறு பெண் கட்டிவைக்க அவர் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்த தாரம் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் பெண் தர மாட்டோம் என்று பெண் வீட்டார் சொல்லி, பேச்சு அதோடு நின்றிருந்தது. இப்போது பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அச்சிலேயே வந்துவிட்டது, இன்னும் என்ன வேண்டும்? உத்தரகிரியைக்கு நாள் குறித்தார்கள். கறுப்புக் கட்டம் போட்ட கடிதாசி அடிக்க ஹரிராமே அச்சாபீஸுக்கு வந்தார்.

அவர் நீட்டிய தாளை முத்திருளன் வாங்கவில்லை. "சார், அந்தக் கடைசி நாலு வரி யாரும் பாத்ததில்ல. இடம் கிடந்துச்சுன்னு நான் சேத்தது."

"நேர்ல பாத்த மாதிரில்ல இருந்துச்சு" என்றார் ஹரிராம். "புன்னகைன்னு இருந்துச்சே. அதைப் படிச்சுத்தான் நான் கொஞ்சம் தூங்கினேன்." பிறகு, "பெரியவங்க நாள் குறிச்சிட்டாங்க. இப்பப் போய் என்னன்னு சொல்ல?" என்று தாளை வைத்துவிட்டுப் போனார்.

முத்திருளன் அந்தப் பெரியவர்களிடமே போனான். ராமமூர்த்தி சார் பேரில் வந்ததை இல்லை என்று சொல்ல நீ யாரப்பா என்று கேட்டார்கள். சாரிடம் போய், மறுப்புப் போடச் சொல்லிக் கெஞ்சினான். "நினைவு இதழ் போட்டுட்டு, அடுத்த மாசம் ஆள் செத்தது நிச்சயமில்லைன்னு போட்டா படிக்கிறவன் காறித் துப்ப மாட்டானா?" என்றார் சார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவன் திரும்பி வந்து கறுப்புக் கட்டத்துக்குள் அவள் பெயரை அடுக்கினான். வாசலில் நின்று படித்து, வாசலிலேயே கிழித்துப் போடுகிற கடிதாசி அது. அன்றைக்குச் சாயங்காலம் மகால் பக்கத்துச் சந்துகளில் அது கிழிந்து கிடந்ததை மிதித்துவிடாமல் நடந்து போனான். தையில் ஹரிராம் கல்யாணப் பத்திரிகையும் அவனிடமே வந்தது. பூ வைத்த ஓரம்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் ரங்கநாயகி அம்மாள் அச்சாபீஸுக்கு வந்தாள். கையில் அந்த இதழ். வாசலோடு நின்றாள்.

"எதிர்வீட்டுப் பொண்ணைக் கடைசி வரைக்கும் வாசிக்கச் சொன்னேன்" என்றாள்.

முத்திருளன் தலை குனிந்துகொண்டான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

"அந்த நாலு வரியை எந்த எழுத்தால போட்டே? அதை மட்டும் காட்டு."

"அச்சடிச்சதுமே பிரிச்சுப் பெட்டியில போட்டுருவோம்மா. அதே எழுத்துதான் அப்புறம் எல்லாத்துக்கும் போகும்." மருமகன் கல்யாணப் பத்திரிகைக்கும் போயிருக்கும் என்பதை அவன் சொல்லவில்லை.

அவள் பெட்டியின் சின்னச் சின்ன அறைகளைப் பார்த்தாள்.

"வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. யாரு பாத்தான்னு நான் கேக்குறேன், அச்சுல வந்திருச்சேங்குறாங்க. அச்சுல வந்தாத்தானே நம்புவாங்க? அவ உயிரோட இருக்கான்னு நீ அச்சுல போடு தம்பி."

சார் உள்ளே இல்லை. இருந்திருந்தாலும் முத்திருளன் கேட்டிருக்க மாட்டான். இருக்கிறதிலேயே பெரிய எழுத்தை எடுத்து, "அலர்மேல்மங்கை உயிரோடு இருக்கிறார்" என்று ஒரே வரி அடுக்கினான். மை தடவி, பிழை பார்க்க ப்ரூஃப் எடுக்கிற காகிதத் துண்டு ஒன்றை மேலே வைத்துக் கையாலேயே அழுத்தி எடுத்தான். மை காயும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு அவளிடம் கொடுத்தான்.

அவள் வாங்கி, படிக்கத் தெரிந்தவள் மாதிரி பார்த்தாள்.

"இது எத்தனை அடிச்சே?"

"இது ஒன்னுதாம்மா."

"அவ செத்துட்டான்னு போட்டது?"

"எண்ணூறு."

ரங்கநாயகி அம்மாள் அந்தத் தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, பாதி வேலை முடிந்த திருப்தியோடு கேட்டாள்:

"மிச்சத்தை எப்பத் தம்பி தருவே?"