நாலு முடியைத் தூக்கி நிறுத்துவது

எனக்கு மெல்லிய முடி, சோளக்கதிர்க் குஞ்சம் போல. அதை நெற்றிக்கு மேல் வழவழவென்று தூக்கிச் சீவி நிறுத்தாமல் நான் வாசற்படி தாண்டமாட்டேன். சுரங்கத்தில் வேலை, ஷிப்ட் முழுக்கத் தலையில் ஹெல்மெட். "உள்ள போய் நசுங்கப் போற முடிக்கு எதுக்குய்யா இந்த அலங்காரம்?" என்று கூட வேலை செய்கிறவர்கள் ஓட்டுவார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஜனங்கள் பார்க்கிறார்கள் இல்லையா? அவர்களுக்காகத்தான். எனக்கு இதிலெல்லாம் வெட்கமே கிடையாது.

என் மனைவிக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. மணிக்கட்டுத் தடிமனில் பின்னல். கல்யாணமான புதிதில் நான் ஹேர் டிரையரோடு கண்ணாடி முன்னால் நிற்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலு முடியை வச்சிகினு என்னா பாடு படுத்துறீங்க!"

குழந்தை பிறந்த நாலாம் மாதம் அவளுக்கு முடி கொட்டத் தொடங்கியது. குளித்து முடித்தால் தண்ணீர் போகிற ஓட்டையை முடி அடைத்துக்கொள்ளும். பிள்ளை பெற்றால் அப்படித்தான், திரும்ப வளர்ந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை. நெற்றியோரம் இரண்டு பக்கமும் தோல் தெரிந்தது. போட்டோ என்றால் குழந்தையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள்.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பிக்குக் கல்யாணம். இவள் ஒரே அக்கா. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் இவள்தான் போட வேண்டும். பெண்ணுக்குப் பின்னால் குனிந்து நின்று போடும்போது வீடியோக்காரரின் விளக்கு நேராக உச்சந்தலையில் விழும்.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்து அறையில், தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "சித்தப்பா பொண்ணு போடட்டும். இந்தத் தலையை வச்சிகினு நான் மேடை ஏற மாட்டேன்."

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "முடிக்காகப் போயி யாராவது இப்படி அடம் பிடிப்பாங்களா?" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஈரத்தலையோடு, கையில் ஹேர் டிரையரோடு நின்றிருந்தேன். யார் யாரிடம் கேட்கிற கேள்வி அது!

அதற்குள் மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "படிய வாரி, சவுரி வச்சிப் பின்னிட்டா ஒண்ணும் தெரியாது."

ஐயையோ! மெல்லிய முடி எண்ணெயில் படிந்தால் தோல் இன்னும் பளிச்சென்று தெரியும்.

"அத்தை, எண்ணெயைக் கீழ வைங்க. பின்னால சவுரி பாத்துக்கும், முன்னால நான் பாத்துக்கறேன்."

அவளைத் தலை கவிழச் சொன்னேன். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்தேன். வேர்க்காலில் சூட்டுக்காற்று; முடி எந்தப் பக்கம் விழுமோ அதற்கு எதிர்ப்பக்கமாகச் சீப்பு. பழைய வகிடு அகன்றுபோயிருந்ததால் கொஞ்சம் தள்ளிப் புதிதாக எடுத்தேன். கடைசியில் குளிர்ந்த காற்று பிடித்தால் நின்றது நிற்கும். ஜெல் பச்சைப்பயறு அளவுதான், அதுவும் உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும். ஆசைப்பட்டு ஒரு சொட்டு அதிகமாகப் போட்டால் குச்சி குச்சியாகப் பிரிந்து மானத்தை வாங்கிவிடும். இதெல்லாம் நான் வருஷக்கணக்கில் பட்டுத் தெரிந்துகொண்டது. வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. மாமனார் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "பரவால்லியே" என்றாள். குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

இரண்டு முடிச்சையும் அவசரமில்லாமல் இறுக்கிப் போட்டாள். "அக்கா, இங்க பாருங்க" என்றார் வீடியோக்காரர். நிமிர்ந்து, நேராகப் பார்த்துச் சிரித்தாள். நான் குழந்தையின் கையைப் பிடித்து அவளைப் பார்த்து ஆட்டினேன்.

பக்கத்தில் நின்ற அவள் பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னா மாப்ள, உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒரு மாதிரி இருக்கீங்களே."

எனக்குப் புரியவில்லை. தலையைத் தடவிப் பார்த்தேன். சீப்பே படாத முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

"இல்லீங்க, நல்லா இருக்கேன்" என்றேன்.