தவளையின் பிரேக்

என் வீட்டுக்காரருக்குப் பஸ் டிப்போவில் 'கட்டை' என்று பெயர். ஆள் என்னமோ கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். பிரேக் கட்டை மாற்றுகிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பழுது பார்த்த பஸ்ஸை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, இறங்கி வந்து, "போகலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் அது டிப்போ வாசலைத் தாண்டும். வீட்டில் நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பதில் சொல்லும் மனிதர். அங்கே அந்த ஒற்றை வார்த்தைக்குத்தான் சம்பளம் வாங்குகிறார்.

நானும் வண்டிக்காரிதான். ஒரு லாண்டரியின் வேனை ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் லாட்ஜ் துண்டுகளும்தான் என் பயணிகள். எவ்வளவு குலுக்கினாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சக்களத்தி உண்டு, கார் வடிவத்தில். ஹாட் ராட் என்பார்கள். எங்கள் அப்பன்மார் பிறப்பதற்கு முன்னால் செய்த காரின் வெறுங்கூட்டை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, அதன் தகுதிக்கு மீறிய பெரிய எஞ்சின் ஒன்றை உள்ளே திணித்து, பின்கட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காக அவர் கட்டி எழுப்பியது. முட்டைக்கண் விளக்குகளும் அகலமான வாயுமாகத் தரையோடு பதுங்கி நிற்பதால் தெருவில் அதற்குத் 'தவளை' என்று பெயர். அதை வேறு யாரையும் அவர் ஓட்ட விட்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அந்தத் தவளைதான் ஒரு சாயங்காலம் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. மேம்பாலத்தில் நல்ல நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து உச்சிக்குப் போய், இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்ததும் அவர் பிரேக்கை மிதித்தார். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் போய்த் தரையில் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தார். ஒன்றுமில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ நிறுத்திவிட்டார். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஒரு சின்னப் பெண். எங்கள் பம்பருக்கும் அவள் முதுகுப் பைக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. அவள் திரும்பித் தவளையைப் பார்த்துச் சிரித்தாள்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வந்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது.

அதற்குப் பிறகு டிப்போவில் எந்தப் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றும் அவரால் "போகலாம்" என்ற அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லையாம். இதுகூட அவர் சொல்லி எனக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர்தான் போன் பண்ணினார்.

"அக்கா, கட்டை என்னைய ஸ்டோர் ரூமுக்கு மாத்திடுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. கேட்டா பதிலே இல்ல. திங்கக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லச் சொல்லுங்க. அதுக்கு மேல ஸ்டோர்ல அந்த இடத்தை என்னால காலியா வச்சிருக்க முடியாது."

தட்டை வைத்துக்கொண்டே கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"சொந்த வண்டியில பிரேக் ஏன் போச்சுன்னே தெரியல. அடுத்தவங்க ஏறுற வண்டிக்கு எந்த வாயால சொல்றது?"

ஸ்டோர் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் பயந்துபோய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் இந்த மனிதர் அதிலிருந்து எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். சாப்பாடு இறங்காமல் போனது எனக்குத்தான்.

அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். எங்கேயோ பிரேக் ஆயில் கசிகிறது என்பது அவர் முடிவு. ஒவ்வொரு குழாயையும் வெள்ளைத் துணியால் துடைத்துத் துணியைப் பார்த்தார். ரப்பர் வாஷர்களை எல்லாம் புதிதாக மாற்றினார். குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். நான் சீட்டில், அவர் சக்கரத்தடியில். "மிதி" என்பார், மிதிப்பேன். "பிடி" என்பார், பிடித்துக்கொண்டிருப்பேன். "விடு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் தொடர்ந்து பேசியது அந்த வாரம்தான் என்று தோன்றியது. கடைசியில் ஒரு பொட்டுக் கசிவு இல்லை. பெடலும் கல் மாதிரியேதான் நின்றது.

சனிக்கிழமை மறுபடியும் "மிதி" என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, கொட்டகையில நிக்கும்போது இது ஒரு தடவையாவது மக்கர் பண்ணுச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இங்கயே வச்சு நோண்டிக்கிட்டு இருக்கீங்க? ரோட்டுல வந்த கோளாறை ரோட்டுலதானே பாக்கணும்?"

அடியிலிருந்து தலையை நீட்டி, "மறுபடி பிடிக்கலன்னா?" என்றார்.

"பிடிக்காம போகணும்னுதானே போறோம்!"

ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் ஆலைக்குப் பின்னால் மேடு பள்ளமில்லாத ஒரு சுற்றுச் சாலை இருக்கிறது. ஆள் நடமாட்டம் கிடையாது. அங்கே போய், ஒரு கையை ஹேண்ட் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு, நெரிசலில் போவது போல ஊர்ந்தும் நின்றும் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. திடீரென்று அவர் முகம் மாறியது.

"வருது," என்றார். "பெடல் இறங்குது."

ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, தார்ச்சாலையில் குப்புறப் படுத்து அடியில் பார்த்தார். என் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கி, கையை நீட்டிச் சில சொட்டுகள் விட்டார். சொய்ங் என்று ஆவியானது. அவர் விட்டது மாஸ்டர் சிலிண்டர் மேல். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற உருளை அது.

"ஆயில் கொதிக்குது," என்றார் படுத்தபடியே.

கொதித்தால் ஆயிலுக்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். மிதிக்கிற மிதியெல்லாம் குமிழை நசுக்குவதோடு சரி, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறியதும் குமிழ் மறைந்துவிடும், பெடல் யோக்கியன் மாதிரி நிற்கும். பஸ்ஸில் பிரேக்கைப் பிடிக்க வைப்பது ஆயிலில்லை, காற்று. காற்று கசியுமே தவிர கொதிக்காது. ஆயுள் முழுக்கக் கசிவைத் தேடிய மனிதர் இங்கேயும் அதையேதான் தேடியிருக்கிறார்.

நானும் குனிந்து பார்த்தேன். எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாய் அந்தச் சிலிண்டரை உரசாத குறையாகப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தக் குழாய் என் பக்கம்தானே இருந்துச்சு?"

"மாத்திட்டேன்."

"எப்போ?"

"கால் வேகுதுன்னு நீ சொன்னியே, அப்புறம்தான்."

சொன்னது உண்மைதான். தவளையில் ஏறினாலே என் பாதம் கொதிக்கும். போன வருஷம் அது நின்றுவிட்டது. தடிமனான விரிப்பு ஏதோ போட்டிருக்கிறார் என்று நினைத்து, அதற்குமேல் நான் யோசிக்கவே இல்லை. சூட்டை மொத்தமாகத் தன் காலடிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வேணாம்பே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் முந்திக்கொண்டது. "கால் சுட்டா கத்துவேன், அவ்வளவுதானே! அதுக்காக இப்படியா?" என்று அந்த வெட்டவெளியில் கத்தினேன். அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "தப்புதான்," என்றார். அவர் என் மேல் வைத்த அக்கறை அந்தச் சின்னப் பெண்ணின் முதுகுப் பை வரைக்கும் போயிருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா, நடுங்குவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழாயை என் பக்கமே திருப்பினோம். நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு தகரத் தடுப்பும் வைத்தார். ஆயிலை மாற்றி, மிதி, பிடி, விடு எல்லாம் முடித்து, ஆலைச் சாலையில் முந்தின நாளைவிட அதிக நேரம் சுற்றினோம். பெடல் இறங்கவே இல்லை. அப்பாடா என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன். அவரோ வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

திரும்பும் வழியில் மேம்பாலத்துக்குச் சற்று முன்னால் ஓரம் கட்டி நிறுத்தினார். இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு."

"நானா? இதையா?"

"பஸ்ல உக்காந்து வர்றவங்க காலுக்குக் கீழே மிதிக்க எதுவும் கிடையாது. என் வேலையை நம்பி நான் அப்படி உக்காந்து பாக்கணும்."

சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். தவளை என் வேன் போல இல்லை, லேசாக மிதித்தாலே சீறியது. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் இறங்கினோம். கீழே ஒரு லாரி, அதற்கு முன்னால் சிவப்பு விளக்கு. ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, கண்ணை மூடாமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கால் மட்டும் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்ததும் என் உயிரே அதில் இருப்பது போல இருந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். தவளை லாரிக்கு நிறைய இடம் விட்டு அடக்கமாக நின்றது.

அவருடைய கால் உடனே எழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு என் போனைக் கேட்டார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "ஸ்டோருக்கு வேற ஆளைப் பாருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

கண்ணீர் என் கண்ணை மறைத்தது. எதிரில் விளக்கு எந்த நிறம் என்றே தெரியவில்லை.

"எடு," என்றார். "பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க."