தனுஷ்கோடி கிராணியின் லாரி ஆட்டம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, காலஞ்சென்ற என் தம்பி வேலுவின் மூத்த மகன், திகாம் பத்து ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. “பெரியப்பா, கிராணி பெரியப்பா போயிட்டாரு லா,” என்றான். “போடா, முந்தாநாள்தான் அவரோட சண்டை போட்டுட்டு வந்தேன்,” என்று எரிந்து விழுந்தேன். சாவுச் செய்தி கொண்டுவந்தவனையே திட்டுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தனுஷ்கோடி கிராணியை உங்களில் பலருக்குக் கோயில் நோட்டீசுகளை அழகாக எழுதித் தருகிறவராகத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில், சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற மூத்த கிராணி அவர், சின்னக் கிராணி நான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். பாஸ் இல்லாமல் தோட்டத்துக் கேட்டைத் தாண்ட முடியாது. உள்ளே இருந்தாலும் நிம்மதி இல்லை. சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கும் லாரி எந்த நேரமும் வரும். ஏறிப் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வந்ததில்லை. வேலுவுக்கு அப்போது இருபது வயது. லாரிக்குப் பயந்து, கடைசி ரப்பர் காட்டுக்குப் பின்னால் இருந்த சதுப்பில் ஒளிந்திருந்தான். அம்மா விறகு பொறுக்கப் போகிறவள் மாதிரி அவனுக்குச் சோறு கொண்டு போவாள்.

வெளியே போக வழியில்லாமல் புழுங்கிக் கிடந்த நாளில்தான் தனுஷ்கோடி அண்ணன் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். ஒரு பெட்டி அட்டையில் எங்கள் தோட்டத்தையே வரைந்தார். ஒருவர் கையில் லாரி. அது ஒரு சோடா மூடி. மற்றவர் கையில் ஐந்து ஆள்கள், ரப்பர் கொட்டைகள். லாரி சிவப்புக் கோட்டில் ஓடும். ஆள்கள் பச்சைக் கோட்டில் நடந்து சதுப்பை அடைய வேண்டும். நான் தினமும் தோற்றேன். என் ஆள்களை நானே லாரி ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். “கள்ளாட்டம் ஆடுறீங்கண்ணே!” என்று ஒருநாள் அட்டையைத் தூக்கி எறிந்தேன். அவர் கோபப்படவில்லை. மறுநாள் இரண்டு மிளகாயை நீட்டினார். “இதுல பழுத்தது எது?” நான் காயைக் காட்டினேன்.

“அட கிறுக்கா, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன்! எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் அந்த மனிதர் பட்ட பாடு! நாலைந்து தடவை புதிதாக வரைந்தார். ரோட்டுக்கு இரட்டைக் கோடு, ஒற்றையடிப் பாதைக்குப் புள்ளி. பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டார். “எல்லாத்தையும் எழுதினா எதுவும் தெரியாது, ஐயாவு,” என்பார். சதுப்பை மட்டும் வெள்ளையாக விட்டார். “காலியா விட்டா கண்ணு தானா அங்க போகும்.” போயிற்று. நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். ஜெயித்த தலைக்கனத்தில் ஒரு மத்தியானம் அட்டையை ஆபீஸ் பெஞ்சில் விரித்தபடியே விட்டுவிட்டு மரவள்ளிக்கிழங்கு தின்னப் போனேன்.

திரும்பி வந்தால், ஜப்பானிய அதிகாரி அதன் முன்னால் நிற்கிறான். தமிழ் தெரியாதவன், தோட்டத்துக்குப் புதியவன். அவன் விரல் நேராக வெள்ளையில் போய் நின்றது. அங்கிருந்து புள்ளிப் பாதை வழியே நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்துக்கு வந்தது. “இனி அப்பா?” என்றான் மலாயில், இது என்ன என்று. தனுஷ்கோடி அண்ணன்தான் பதில் சொன்னார். அது சதுப்பு; படம் இன்னும் முடியவில்லை; தோட்டம் முழுவதையும் போட்டு நாளைக் காலையில் தருகிறேன் என்றார். அவன் தலையாட்டினான். போகும்போதே லயத்தைச் சுற்றிக் காவல் போடச் சொல்லிவிட்டான். அம்மாவால் வாசலைத் தாண்ட முடியவில்லை. வேலுவுக்குச் சொல்லி அனுப்ப ஒரு நாதியில்லை.

“பாதைய மாத்திப் போட்டுடுங்கண்ணே,” என்று கெஞ்சினேன்.

“பொய் போட்டா கங்காணியக் கூப்பிட்டுக் கேப்பான். எல்லார் தலையும் போகும். நெசத்தையே போடுறேன். நெறைய போடுறேன்.”

அதே அட்டையில் பொழுது சாயும்வரை போட்டார். ஒவ்வொரு வாய்க்கால், ஒவ்வொரு மர வரிசை, பால் வெட்டுகிறவர்கள் நடக்கும் ஒவ்வொரு தடம், கிணறு, பாறை. எல்லாவற்றுக்கும் பெயர், பொடி எழுத்தில், குறுக்கும் நெடுக்குமாக. வெள்ளையாக இருந்த சதுப்பில் கோரைப்புல்லைக் கற்றை கற்றையாக வரைந்தார். ஒரு கோடுகூடப் பொய்யில்லை. என் தம்பி இருந்த இடம் என் கண்ணெதிரிலேயே காணாமல் போயிற்று. ரூலரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “அழாதடா, மை கரையும்,” என்றார்.

அதிகாரி “பாகுஸ், பாகுஸ்” என்று பாராட்டி அவர் முதுகில் தட்டினான். அந்தப் படத்தோடு ஆள்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனவன், மூன்று வாய்க்கால் தாண்டியதும் வழி தெரியாமல் கால் முழுக்க அட்டைப்பூச்சியோடு திரும்பி வந்தான். வேலு பிழைத்தான். ஆனால், இப்படி வரைகிற கை சயாமில் வேண்டும் என்று தனுஷ்கோடி அண்ணனை அடுத்த லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்தப் படம் வேலுவை மறைக்கப் போட்டது என்ற உண்மையைச் சொன்னால் வேலு போவான். சொல்லாவிட்டால் அவர் போவார். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஜப்பான் சண்டை முடிந்தபின் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். வலது கால் கடைசிவரை மடங்கவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். அட்டையைப் பெஞ்சில் விரித்துப் போட்டவன் நான்தான் என்று அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. “ஒனக்குத் தெரியணும்னுதானேடா வரைஞ்சேன். தெரிஞ்சுதில்ல? விடு,” என்றார்.

அந்த ‘விடு’தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை நம்பி இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் காலம் ஓட்டினேன். வேலுவும் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தான். புதன்கிழமை அவரைத் தூக்கிய நால்வரில் மூவர் வேலுவின் மகன்கள். பிள்ளைகுட்டி இல்லாத கிழவர், பாவம், நாம்தான் தூக்க வேண்டும் என்று இரக்கப்பட்டுத் தூக்கினார்கள். பிள்ளைகளே, நீங்கள் தூக்கியது, உங்கள் அப்பா ஏற வேண்டிய லாரியில் ஏறிப் போன மனிதரை.